மிஸ்ட்டில் ஓடும் வண்டிக்கு ஃபாக் லேம்ப்: மாட்டுவதும் தண்ணீர் புகாமல் காப்பதும்

மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் கோத்தகிரியில் எங்கள் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் நிறைய வண்டிக்கு ஒரே நோய். போன வருடம் மாட்டிய ஃபாக் லேம்ப்பில் ஒன்று எரியாது, இன்னொன்றுக்குள் கால் டம்ளர் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும். "என்னங்கண்ணா, மீன் வளர்க்கிறீங்களா?" என்று கேட்டால், "நல்லா சிலிக்கான் அப்பித்தான் மாட்டினேன் தம்பி" என்பார்கள். அப்பியதுதான் பல சமயம் வினையே. ஏன் என்பது 8-ஆம் படியில் வரும்.

இது 12 வோல்ட் பேட்டரி உள்ள கார், ஜீப், பிக்கப் வண்டிகளுக்கு, முன் பம்பரில் ஒரு ஜோடி ஃபாக் லேம்ப் மாட்டும் முறை. முதல்முறை செய்கிறவர்கள் ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். அது வெயில் நாளாக இருக்கட்டும். ஈரக் காற்றில் மூடினால் அந்த ஈரமும் விளக்குக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

1. எந்த விளக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மிஸ்ட் என்பது மிதக்கும் நீர்த்துளி. ஹை பீம் போட்டால் ஒளி துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். கண்ணாடிக்கு முன்னால் வேட்டி கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். அதனால் ஒளி கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருந்து கிளம்புகிறதோ அவ்வளவு நல்லது. அகலமாகவும் தட்டையாகவும், மேல் விளிம்பு கத்தியால் வெட்டிய மாதிரியும் இருக்க வேண்டும்.

கடையிலேயே ஒரு பேட்டரியில் இணைத்து சுவரில் அடித்துப் பாருங்கள். வட்டமாகக் குவிந்து விழுந்தால் அது டிரைவிங் லேம்ப், மிஸ்ட்டுக்கு ஆகாது. கூரை மேல் மாட்டும் எல்இடி பாரும் அப்படித்தான். படுக்கைக் கோடாக விழுந்து, கோட்டுக்கு மேலே இருட்டாக இருந்தால் வாங்கலாம்.

மஞ்சள் ஒளி மிஸ்ட்டைக் கிழித்துக்கொண்டு போகும் என்பார்கள். மிஸ்ட் துளி ஒளி அலையை விடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால் மஞ்சள் கண்ணுக்குக் கூச்சம் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது. ராத்திரி ஓட்டுகிறவர்களுக்கு அதையே சொல்வேன்.

ஹாலோஜனா எல்இடியா? எல்இடிக்குக் கரண்ட் குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் அதன் சூடு பின்பக்கத் தகட்டில்தான் வரும், முன் கண்ணாடி சில்லென்றே இருக்கும். ஹாலோஜன் தன் சூட்டிலேயே கண்ணாடியின் ஈரத்தை உலர்த்திவிடும். எதுவானாலும் வாங்கும்போது பின்பக்கம் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன ரப்பர் மூக்கு மாதிரியோ, வெள்ளை வட்ட ஒட்டு மாதிரியோ இருக்கும். அது இல்லாத விளக்கை நான் வாங்குவதில்லை.

சட்டம் பற்றி ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வது பற்றியது, அதற்கு உட்பட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். முன்பக்கம் சிவப்பு ஒளி, மின்னும் நீலம் சிவப்பு எல்லாம் வேண்டவே வேண்டாம். வாரண்டி ஓடும் வண்டியில் கம்பெனி வயரை வெட்டாதீர்கள். இந்த முறையில் எங்கும் வெட்ட வேண்டியதும் இல்லை.

2. எல்லாவற்றையும் வாங்கி வைத்த பிறகே பம்பரைத் தொடுங்கள்

பம்பரைக் கழற்றிய பிறகு ஒரு லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) குறைந்தால், அதற்காக மேட்டுப்பாளையம் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் இறங்கி ஏற வேண்டி வரும். அதுவும் பஸ்ஸில்.

கணக்கு இப்படி. 55 வாட் ஹாலோஜன் இரண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே (சுவிட்சிலிருந்து வரும் சின்னக் கரண்ட்டால் விளக்கின் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சின்னப் பெட்டி). 20 வாட் எல்இடி இரண்டு என்றால் மூன்றரை ஆம்பியருக்குள் முடியும், 7.5 ஆம்பியர் ஃபியூஸும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் போதும். சுவிட்ச் வரைக்கும் போகும் வயர் எதற்கானாலும் 0.75 போதும், அதில் ரிலே காயிலின் கரண்ட்தான் ஓடுகிறது.

இவற்றோடு ரப்பர் சீல் உள்ள இரண்டு பின் கனெக்டர் இரண்டு ஜோடி, லக், லக்கை வயரோடு நசுக்கிப் பிடிக்க வைக்கும் க்ரிம்பிங் பிளையர், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், நெளி பைப், கேபிள் டை, ரப்பர் குரோமெட், சிலிக்கான் கிரீஸ், மல்டிமீட்டர், எம்8 போல்ட்டுடன் ஸ்பிரிங் வாஷர். சாதாரண ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் சுருங்கும், ஆனால் தண்ணீரை நிறுத்தாது. பசை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான் இருக்கும்.

சிலிக்கான் ட்யூப் வாங்கினால் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் மாதிரி புளித்த வாடை வந்தால் அது உலரும்போது அமிலம் விடும் ரகம், செம்பு வயரை அரித்துவிடும். வாடையில்லாத நியூட்ரல் ரகம்தான் வேண்டும்.

இன்சுலேஷன் டேப் பட்டியலில் இல்லை, கவனித்தீர்களா? பானெட் சூட்டில் அதன் பசை இளகும், ஆறு மாதத்தில் வால் தொங்கும், உள்ளே ஈரம் தங்கும்.

3. மாட்டும் முன் தரையில் விரித்து எரியவிட்டுப் பாருங்கள்

விளக்கு, ரிலே, சுவிட்ச், ஃபியூஸ் எல்லாவற்றையும் தரையில் வைத்து பேட்டரியோடு தற்காலிகமாக இணைத்து எரியவிடுங்கள். பத்து நிமிட வேலை. சுவிட்ச் கோளாறு இங்கேயே தெரிந்தால் டேஷ்போர்டை இரண்டு முறை கழற்ற வேண்டாம்.

எரிந்தால் அணைத்துவிட்டு, வண்டி பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றக் கூடாது. ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி தெறிக்கும்.

4. பிராக்கெட்

பிளாஸ்டிக் பம்பரில் நேராகத் துளை போட்டு மாட்டாதீர்கள். பிளாஸ்டிக் அதிரும், ஒளி மேலும் கீழும் நடுங்கும், அந்த நடுக்கம் மிஸ்ட்டில் தலைவலி கொடுக்கும். பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டத்திலோ கம்பெனி கொடுத்த ஃபாக் லேம்ப் குழியிலோ மாட்டுங்கள்.

இரும்பில் துளை போட்டால் விளிம்பை அரத்தால் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு போல்ட் போடுங்கள். இங்கே பச்சை இரும்பு துருப்பிடிக்க ஒரு வாரம் போதும். ஸ்பிரிங் வாஷர் கட்டாயம். மசினகுடியிலிருந்து கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த ஒரு ஜீப்பில் ஒரு பக்க லேம்ப் வயரில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நட்டு எந்த வளைவில் விழுந்ததோ.

இப்போதைக்குக் கையால் மட்டும் முறுக்குங்கள். உயரம் சரிபார்த்த பிறகுதான் கடைசி முறுக்கு.

5. வயர் ஓட்டம்

ரேடியேட்டர் விசிறி, பெல்ட், சைலன்சர் மேனிஃபோல்டு, பானெட் கீல், ஸ்டியரிங் ராட் ஆகிய ஐந்துக்கும் எட்டத்தில் வழி பாருங்கள். கம்பெனி வயர்க் கட்டு போகும் பாதையிலேயே போனால் பாதி யோசனை மிச்சம்.

வயரை நெளி பைப்புக்குள் விட்டு, பைப்பின் பிளவு கீழே பார்த்திருக்கும்படி கட்டுங்கள். மேலே பார்த்தால் பைப் வாய்க்கால் ஆகிவிடும். எலி கடிக்கும் ஊரில் பைப் இன்னொரு விதத்திலும் உதவும், முழுசாகக் காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு கனெக்டருக்கும் முன்னால் வயர் ஒரு சாண் கீழே தொங்கி மறுபடி மேலே ஏற வேண்டும். மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு ஓடி வரும். தொங்கல் இருந்தால் அதன் அடியில் சொட்டிப் போய்விடும், இல்லாவிட்டால் நேராகக் கனெக்டருக்குள் போய் உட்காரும். வயரை இழுத்துக் கட்டி அழகு பார்ப்பதுதான் புதியவர்கள் இங்கே செய்கிற தப்பு.

6. இணைப்பு, ரிலே, ஃபியூஸ்

வயரை முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பே இல்லை. வயருக்குள் மெல்லிய இழைகள் இருக்கின்றன. வெட்டிய முனை நனைந்தால் விளக்குத் திரி எண்ணெய் குடிக்கிற மாதிரி அந்த இழைகள் தண்ணீரைக் குடிக்கும், இன்சுலேஷனுக்குள்ளேயே பல அடி தூரம் கொண்டுபோகும். பழைய வயரை உரித்துப் பார்த்தால் பச்சையும் கறுப்புமாக இருக்கும்.

முதலில் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை வயரில் கோத்துவிடுங்கள் (எல்லாரும் ஒருமுறையாவது மறப்பார்கள், நானும்தான்). பிறகு லக்கை க்ரிம்ப் செய்து, இழுத்துப் பாருங்கள். வந்தால் மறுபடி. கடைசியில் சூடு காட்டி, இரு முனையிலும் பசை லேசாகப் பிதுங்கும்வரை சுருக்குங்கள். சால்டர் மட்டும் வைத்தால் அந்த இடம் விறைத்து, அதிர்வில் ஓரத்தில் ஒடியும்.

ரிலேயில் எண்கள் அச்சிட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 30. விளக்குக்கு 87. சுவிட்சிலிருந்து 86. எர்த்துக்கு, அதாவது வண்டியின் பாடிக்கு, 85. உள்ளே டையோடு உள்ள ரிலேயில் 86, 85 இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் டையோடு போய்விடும், அதனால் எப்போதும் இதே பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கால் ரிலே கையில் கிடைத்தால் நடுக்கால் 87ஏ. அதில் விளக்கை இணைத்தால் சுவிட்ச் அணைத்திருக்கும்போது எரியும், போட்டால் அணையும்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் அதைக் காக்க எதுவும் இல்லை, வயரே எரியும்.

ரிலேயைக் கால்கள் கீழே பார்க்க மாட்டுங்கள். என் பழைய பிக்கப்பில் இடமில்லை என்று கால்களை மேலே பார்க்க மாட்டினேன். ஜூலையில் தேவாலாவில் ஒரு ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்தேன். ரிலே சாக்கெட் கிண்ணம் மாதிரி மழையை வாங்கி, உள்ளே துருவேறி, தொடுமுனை ஒட்டிக்கொண்டது. சுவிட்ச் அணைந்துதான் இருந்தது, விளக்கு மட்டும் ராத்திரி முழுக்க எரிந்திருக்கிறது. காலையில் சாவி போட்டால் 'டக்'. பக்கத்து டீக்கடைக்காரர்கள் நாலு பேர் தள்ளிவிட்டார்கள்.

7. எர்த், பிறகு சுவிட்ச்

விளக்கு மங்கலாக எரிகிறது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது எர்த்தைத்தான். பெயிண்ட் மேல் லக்கை வைத்து முறுக்கியிருப்பார்கள், பெயிண்டில் கரண்ட் ஓடாது. லக் உட்காரும் அளவுக்குச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் லக்கை வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இரண்டு விளக்குக்கும் தனித்தனி எர்த் நல்லது.

சுவிட்சுக்கான கரண்டை பார்க்கிங் லைட் ஃபியூஸிலிருந்து ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகிக் கிளை எடுக்கும் துண்டு, ஒட்டும் டேப் அல்ல) போட்டு எடுங்கள். பார்க்கிங் லைட்டை அணைத்தால் இதுவும் அணையும், மறந்து இறங்கிப் போக வழியில்லை.

வயர் கேபினுக்குள் நுழைய ஏற்கெனவே உள்ள ரப்பர் குரோமெட்டைப் பயன்படுத்துங்கள். வெறும் தகட்டுத் துளையில் வயரை விட்டால் தகடு கத்தியாக அறுக்கும். இன்ஜின் பக்கம் இங்கேயும் ஒரு தொங்கல் விடுங்கள். இல்லையென்றால் கால்மிதி நனைந்து நாறும்போதுதான் தெரியும்.

எல்லாம் இணைத்ததும் நெகட்டிவ் கேபிளை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு விளக்கைப் போடுங்கள். மல்டிமீட்டரில் பேட்டரி முனையில் ஒரு அளவு, விளக்குக் கனெக்டரில் ஒரு அளவு. வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஹாலோஜனில் ஒரு வோல்ட் குறைந்தாலே ஒளியில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அளவு சரியாக வந்த பிறகுதான் அடுத்த படி. சீல் செய்துவிட்டு அளந்தால் எல்லாவற்றையும் பிய்க்க வேண்டி வரும்.

8. தண்ணீர்

டப்பாவில் ஐபி 67 என்று போட்டிருக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கியது என்று அர்த்தம். ஆனால் அந்தச் சோதனையில் பொருளுக்கும் தண்ணீருக்கும் வெப்ப வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ரோட்டில் நடப்பது வேறு. ஒரு மணி நேரம் எரிந்து கொதிக்கும் விளக்கின் மேல் சில்லென்ற மழை விழுகிறது.

அப்போது என்ன ஆகும்? விளக்குக்குள் காற்று 80 டிகிரியில் இருந்து 15 டிகிரிக்கு இறங்கினால் அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விழும். உள்ளே வெற்றிடம் இழுக்கும். இழுக்க வழி தேடும்போது எந்த இண்டு நனைந்திருக்கிறதோ அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

மலைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. குன்னூர் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் முன்னூற்றுச் சொச்சம். கீழே காற்றழுத்தம் மேலே இருப்பதை விட சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். காற்றுப் புகாமல் மலையில் மூடிய விளக்கு, பர்லியாறு தாண்டி இறங்க இறங்க உறிஞ்சிக்கொண்டே போகும். ஏறும்போது காற்று வெளியேறிவிடும், தண்ணீர் மட்டும் உள்ளே தங்கிவிடும். தினம் இறங்கி ஏறும் காய்கறி வண்டிகளின் விளக்கு சீக்கிரம் நிறைவது இதனால்தான்.

அதனால்தான் காற்றுத் துளையை மூடக் கூடாது என்கிறேன். அழுத்தம் அந்த வழியாகச் சமன் ஆகிவிட்டால் மற்ற இண்டுகளில் இழுப்பு இருக்காது. சிலிக்கான் அப்பும்போது முதலில் மூடப்படுவது அந்தத் துளைதான். விளக்கைக் கையில் எடுத்துத் துளை எங்கே என்று பார்த்து, மாட்டும்போது அது கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ வரும்படி வையுங்கள். மேலே வந்தால் விளக்கைத் திருப்பி மாட்ட முடியுமா என்று பாருங்கள், ஒளிக்கோடு தலைகீழாகாத வரை.

இப்போது மூட வேண்டியவை. கண்ணாடியும் உடலும் சேரும் விளிம்பைத் துடைத்துக் காயவைத்து, நியூட்ரல் சிலிக்கானை மெல்லிய கோடாக மேல்பாதிக்கும் பக்கங்களுக்கும் மட்டும் இழுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள், தப்பித்தவறி புகுந்தது வழிய வேண்டும். வயர் விளக்கை விட்டு வெளியே வரும் ரப்பர் மூக்கைச் சுற்றி ஒரு வளையம். பல்ப் மாட்டும் மூடியின் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் வேண்டாம், கிரீஸ் தடவினால் போதும். ஒட்டிவிட்டால் பல்ப் மாற்றும்போது மூடியே உடையும்.

கனெக்டருக்குள் சிலிக்கான் கிரீஸை சீல் ரப்பரில் தடவுங்கள், 'க்ளிக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். கனெக்டரின் வாய் கீழேயோ பக்கவாட்டிலோ பார்க்கட்டும். சிலிக்கான் உலர ஒரு ராத்திரி கொடுங்கள்.

மறுநாள் சோதனை. விளக்கை இருபது நிமிடம் எரியவிட்டு, எரிந்துகொண்டிருக்கும்போதே தோட்டத்துப் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். அணைத்து ஆறவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன்னை நேராக விளக்கில் காட்டச் சொல்லாதீர்கள், அதைத் தாங்கும் தரம் ஐபி 69கே, 67 அல்ல.

9. உயரம் சரிபார்ப்பது

25 அடி சமதரையும் எதிரே ஒரு சுவரும் வேண்டும். சமவெளிக்காரர்களுக்கு இது ஒரு வரி. எங்களுக்கு அரை நாள். வீட்டு வாசல் எல்லாம் சரிவு, ஷெட்டு வாசலும் சரிவு. பள்ளிக்கூட மைதானத்தில் சொல்லிக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போவது என் வழக்கம். சமதரைதானா என்று தரையில் ஒரு கோலிக்குண்டு வைத்துப் பாருங்கள்.

வண்டியில் வழக்கமாக ஏற்றும் ஆளும் பாரமும் இருக்கட்டும், டயர் காற்று சரியாக இருக்கட்டும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறியுங்கள். வண்டி சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிற்கும்போது ஒளியின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஒரு விளக்கைத் துணியால் மூடி மற்றதைச் சரி செய்யுங்கள், பிறகு மாற்றி. சரியானதும் போல்ட்டை முழுதாக முறுக்கி, மறுபடி ஒருமுறை பாருங்கள். முறுக்கும்போது விளக்கு அசைந்திருக்கும்.

இன்னும் கொஞ்சம் தூக்கினால் தூரம் தெரியுமே என்று கை அரிக்கும். வேண்டாம். கொண்டை ஊசியில் கீழிருந்து ஏறி வருகிறவரின் கண் உங்கள் பம்பர் மட்டத்தில்தான் இருக்கும்.

10. முதல் மழைக்குப் பிறகு

முதல் வாரம் ஓட்டிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஓட்டுகிறவர்கள் ஜூன் பிறக்கும் முன்பும், குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் அக்டோபருக்கு முன்பும் கனெக்டரைத் திறந்து கிரீஸைப் புதுப்பிக்கலாம்.

காலையில் கண்ணாடிக்குள் லேசாக ஆவி படர்ந்து, விளக்கைப் போட்ட கொஞ்ச நேரத்தில் மறைந்தால் விட்டுவிடுங்கள், துளை வேலை செய்கிறது. எல்இடியில் மறைய இன்னும் நேரம் எடுக்கும். அடியில் தண்ணீர் தேங்கி ஆடினால் விளக்கைக் கழற்றி, பல்ப் மூடியைத் திறந்து கவிழ்த்து வடியவிட்டு, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி வையுங்கள். காய்ந்ததும் மூடியை மாட்டி விளக்கை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி, காற்றுத் துளை வழியாக மெல்ல ஊதுங்கள். வெள்ளை ஒட்டு உள்ள விளக்கில் துளையில் ஊத முடியாது, வெந்நீரில் அமுக்கினால் உள்காற்று விரிந்து அதே வேலையைச் செய்யும். காற்றுத் துளையையும் அடிப்பக்கத்தையும் தவிர, குமிழி எங்கே வருகிறதோ அங்கே மட்டும் சிலிக்கான்.